போய்வர ஒரு வண்டி

ஹாலிஸ் கிராண்ட்பெரி டொலீடோ நகரத்தில் ஆயுசுக்கும் ரொட்டி வண்டி ஓட்டியவர். விடியும் முன்பே கடை கடையாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ரொட்டியை இறக்கிவிட்டு, ஊர் விழிக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பவர். அவர் வண்டி நுழையாத சந்து அந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் இப்போது வீட்டைவிட்டு வெளியே போக வேண்டுமானால், கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, யாராவது வந்து ஏற்றிக்கொள்வார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

எல்லாம் சர்க்கரை செய்த வேலை. முதலில் வலது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. அடுத்து இடது கண். கடைசியில் சிறுநீரகம் இரண்டும் போயின. வலது கண் பகலில் பரவாயில்லை, அந்தி சாய்ந்தால் எல்லாம் கலங்கல்தான். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது கண் பரிசோதனையில் தோற்றுவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் தணிந்த குரலில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாராவது வந்திருக்காங்களா ஐயா?" என்று கேட்டாள். வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் பழைய பியூக் காரைக் கொல்லைப்புறம் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே அவருக்கு மனம் வரவில்லை.

செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சிகிச்சை செய்யும் இடம் ஊரின் மேற்கே, மன்றோ சாலையில், மெத்தைக் கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் இருந்தது. காரில் போனால் ஒரு பாட்டுக் கேட்கிற தூரம்தான். பஸ்ஸில் போவதென்றால் டவுனுக்குப் போய் மாற வேண்டும். இறங்கும் இடத்தில் ஆறு தடம் ஓடுகிற சாலையைக் கடக்க வேண்டும், அங்கே கடப்பதற்கென்று கோடுகூடப் போட்டிருக்கவில்லை. மெஷினிலிருந்து எழுந்த பிறகு ஹாலிஸின் கால் சொன்னபடி கேட்காது. அதனால் வேன்தான் கதி. அரசின் மருத்துவ உதவித் திட்டத்தில் நோயாளிகளை ஏற்றி இறக்குவதற்காக ஒரு கம்பெனி வேன் விட்டிருந்தது.

அந்த வேனில்தான் எர்லீன் மேப்ரி அவருக்குப் பழக்கமானாள். எழுபதைத் தொட்டவள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். ஆள் குள்ளம், குரல் மட்டும் கூடத்தின் கடைசி மேசை வரைக்கும் கேட்கிற குரல். முதல் நாள் ஹாலிஸ் ரொட்டி வண்டி ஓட்டியவர் என்று தெரிந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீதானா அது. உன் ரொட்டியில சாண்ட்விச் பண்ணிக் குடுத்து எத்தனை புள்ளைங்ககிட்ட நான் திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா? வண்டியிலேருந்து இறங்கும்போதே அது காய்ஞ்சு போயிருக்கும்."

"ரொட்டி நல்லாத்தான் இருந்திருக்கும், மிஸ் எர்லீன். நடுவுல நீங்க என்ன வெச்சீங்களோ."

ஓட்டுநர் டுவைட் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தான். "சண்டை போடுறதா இருந்தா ரெண்டு பேரும் கடைசி சீட்டுக்குப் போங்க. எனக்கு ரோட்டைப் பார்க்கணும்."

டுவைட் வீட்டு வாசல்வரை வந்து கையைப் பிடித்து இறக்கிவிடுவான். பனி பெய்திருந்தால் படியில் உப்புத் தூவிவிட்டுத்தான் எர்லீனை இறங்க விடுவான். உள்ளே ஹாலிஸுக்கும் எர்லீனுக்கும் அடுத்தடுத்த நாற்காலி. இரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருகிற அந்த நான்கு மணி நேரமும் அவள் பேசுவாள், அவர் மறுப்பார். தக்காளி தின்னக் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்று நர்ஸ் மார்னி சொல்லிவிட்டுப் போனதும் எர்லீன், தான் எதையெல்லாம் தின்னக் கூடாதோ அதையெல்லாம் எப்படிச் சமைப்பது என்று அவருக்கு விலாவாரியாகச் சொல்வாள். ஹாலிஸின் மனைவி இறந்து வெகுகாலம். மகன் அரிசோனாவில். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் வாரத்தில் அதிகம் பேசினார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இலையுதிர்கால முடிவில் அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்தது. வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. டுவைட்டுக்கு வேலை போயிற்று. கடைசி நாள் எர்லீன் அவன் கன்னத்தைப் பிடித்து, "நல்ல இடமாப் பாத்துப் போ கண்ணு, எங்களை மாதிரிக் கிழடுங்க இல்லாத இடமா" என்றாள்.

புதிய கம்பெனிக்கு வேனே கிடையாது. யார் யாருடைய சொந்தக் காரோ வரும். இன்று ஒருவர், நாளை ஒருவர். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி வண்டி. முந்தின நாளே போனில் சொல்லிவைக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் மறுபடி கூப்பிட்டு, போனில் ஓடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். காலையில் கார் தாமதமாக வந்தால் மெஷின் நேரம் குறையும், குறைந்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். சில நாள் காரே வராது. "ஓட்டுநர் உங்கள் வீட்டுக்கு வந்தார், நீங்கள் இல்லை" என்று போனில் சொல்வார்கள். ஜன்னலைவிட்டு ஒரு நொடிகூட நகராத ஹாலிஸுக்கு அதைக் கேட்டு முதலில் கோபம் வந்தது. பிறகு, ஒருவேளை கண்ணுக்குத்தான் தெரியாமல் போயிற்றோ என்று தன்மேலேயே சந்தேகம் வந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் மதியத்தோடு அந்த இடத்தைப் பூட்டிவிடுவார்கள். எல்லாரும் போய்விட்டார்கள், ஹாலிஸும் எர்லீனும்தான் மிச்சம். மார்னி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள், அவளுக்கும் வீட்டில் குழந்தை காத்திருந்தது. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் இருவரையும் உட்காரவைத்து, உள்கதவைப் பூட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடியே போனாள்.

ஹாலிஸின் கார் முதலில் வந்தது. ஒரு நடுத்தர வயதுக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"இந்தம்மாவையும் ஏத்திக்குங்க. அவங்க வீடு போற வழியிலதான்" என்றார் ஹாலிஸ்.

"என் போன்ல ஒரு பேருதான் இருக்கு ஐயா. ரெண்டு பேரை ஏத்தினா என்னைத் தூக்கிடுவாங்க."

"அப்ப அவங்களை ஏத்துங்க."

"அவங்க பேரு இல்லையே."

"நீ போ ஹாலிஸ்" என்றாள் எர்லீன். ஹாலிஸ் அந்தக் காரை அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காத்திருந்த நேரத்தில் எர்லீனுக்கு வயிறு கலங்கியது. மெஷினுக்குப் பிறகு சில நாள் அப்படி ஆகும். ஹாலிஸ் மெத்தைக் கடைக்குப் போய்க் கேட்டார். வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் கழிவறை என்றான் அங்கிருந்தவன். ஹாலிஸ் கெஞ்சினார். அவன் மேலாளருக்குப் போன் செய்கிறேன் என்று உள்ளே போனான். அதற்குள் ஹாலிஸ் திரும்பி வந்து அவளை எழுப்பி, தோளில் சாய்த்து, பனிச்சேற்றில் பாதி தூரம் நடத்திக்கொண்டு வரும்போதே முடிந்துவிட்டது. எர்லீன் அப்படியே நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாலிஸ் தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அவளுடைய கார் வந்தபோது, ஓட்டி வந்த பெண் பின் சீட்டில் குப்பைப் பையை விரித்து, அதன்மேல் உட்காரச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை எர்லீன் வந்தாள். கோட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஊசி குத்தி மார்னி நகர்ந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஹாலிஸ், நான் இதை நிறுத்திடப் போறேன்."

"எதை?"

"இதைத்தான். இந்த மெஷினை. டாக்டர்கிட்டக் கேட்டேன். என் இஷ்டம்னு சொல்லிட்டாரு. நிறுத்தினா ரெண்டு வாரம் தாங்கும், முன்னப்பின்ன ஆகலாம். வலி இல்லாமப் பாத்துப்பாங்களாம்."

"ஒரு சனிக்கிழமைக்காகவா?"

"இந்த மெஷின் என்னை ஒண்ணும் பண்ணல. ஊசிகூடப் பழகிடுச்சு. இங்க வந்துட்டுப் போறதுதான் என்னைக் கொல்லுது. பாதி நாள் ஜன்னல்ல உக்காந்து பாக்கறேன், மீதி நாள் இங்க பெஞ்சுல உக்காந்து பாக்கறேன். நடுவுல இருக்கற நாள்ல எழுந்திரிக்க முடியல. இதுல உயிரோட இருந்து என்ன பாக்கப் போறேன் சொல்லு."

"ரெனிட்டா என்ன சொல்றா?" ரெனிட்டா அவளுடைய மகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் காலை வேலை, அது முடிந்து ஒரு ஓட்டலில் சாயங்கால வேலை.

"அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வேலையை விட்டுடறேன்னு நிப்பா. விட்டுட்டு ரெண்டு பேரும் எங்க போறது?"

ஹாலிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு மாசம் குடுங்க, மிஸ் எர்லீன். போய்வர வண்டி என் பொறுப்பு."

"வண்டியா? உன்கிட்டயா? நீ கோப்பையில காப்பி ஊத்தினாலே பாதி வெளியதான் போகுது."

"ஒரு மாசம்" என்றார் ஹாலிஸ்.

மறுநாள் தார்ப்பாயை இழுத்துப்போட்டார். பியூக்கின் பேட்டரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, வயர் மாட்டி உயிர் கொடுத்தார். "ஓட்டவா போறீங்க?" என்று அவர் சந்தேகமாகக் கேட்டபோது, "இல்லப்பா, விக்கலாம்னு பாக்கறேன்" என்று ஹாலிஸ் வாய்கூசாமல் பொய் சொன்னார்.

வியாழக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, எர்லீன் வீட்டு வாசலில் போய் நின்று ஹாரனை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் தாமதமாக வந்தால் பரவாயில்லை என்று மார்னியிடம் முன்பே பேசிவைத்திருந்தார். எர்லீன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இருந்துச்சு."

"கண்ணு?"

"ஒண்ணு இருக்கு. நேரா நல்லாத் தெரியும், வலது பக்கமும் தெரியும். இடது பக்கம் நீங்க பாத்துச் சொல்லுங்க."

"நான் உக்காரப்போறது வலது பக்கமாச்சே."

"கழுத்து இருக்கில்ல?"

அவள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

பெரிய சாலைகளை விட்டுவிட்டு அவர் சின்னத் தெருக்களாகவே போனார். ரொட்டி போட்ட காலத்துத் தெருக்கள். பாதிக் கடைகள் பலகை அடித்துக் கிடந்தன. எர்லீன் கழுத்தை நீட்டி, "இடது பக்கம் ஒருத்தன் வர்றான். நில்லு. நில்லுன்னா நில்லு. சரி, போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நாள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. அடுத்த நாள் அவ்வளவு இல்லை. அடுத்த வாரம் பேச்சு வந்துவிட்டது. ஒரு நாள் வழியில், தான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னாள். அதை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். காலி மனையைப் பார்த்துவிட்டு, "அடுப்பை எங்க கொண்டுபோனாங்களோ. நல்ல அடுப்பு" என்றாள். இன்னொரு நாள் ஆற்றோரம் போய்க் காருக்குள்ளேயே உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டு வறுத்த மீன் தின்றார்கள். உப்புக் கூடாது என்று ஹாலிஸ் சொல்ல, பேசாமல் தின்னு என்றாள். உறைந்த ஆற்றின்மேல் யாரோ இருவர் துளைபோட்டுத் தூண்டில் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு ஓட்டுவதுதான் கஷ்டம். கை நடுங்கும், தலை காற்றுப்போல இருக்கும். அதனால் காரிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளப்புவார். மாதம் முடிந்தது. நிறுத்தப் போவதைப் பற்றி எர்லீன் பேச்செடுக்கவில்லை. ஹாலிஸும் கேட்கவில்லை. இப்படியே போய்விடும் என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை நண்பகல். நல்ல வெயில், பனி உருகிச் சாலையெல்லாம் ஈரம். அன்றைக்கு எர்லீனுக்கு இரத்த அழுத்தம் ரொம்ப இறங்கியிருந்தது. கிளம்பும்போதே கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தாள். சீக்கிரம் வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று ஹாலிஸ் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். சின்னத் தெருவில் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மெதுவாக்கி, "பாக்கறீங்களா?" என்று கேட்டார். "ம்" என்று சத்தம் வந்தது. திரும்பினார்.

ஏதோ தட்டிய சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பிரேக்கை மிதித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். எர்லீன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த "ம்" தூக்கத்தில் வந்தது.

காருக்கு முன்னால் ஒரு சைக்கிள் வளைந்து கிடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கார்சா என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டல் சமையலறைக்காரர்கள் போடுகிற கட்டம்போட்ட கால்சட்டை.

ஹாலிஸ் தடுமாறி இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றார். "ஐயா, நான் பாக்கல. எனக்குத் தெரியல."

கார்சா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையில் டயாலிசிஸ் கட்டு. "எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றார். வலியில் என்ன பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை போல. "பாத்திரமெல்லாம் குமிஞ்சு கிடக்கும். நான் போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. போலீஸ்காரர் சத்தம் போடவில்லை. இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேற யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பியூக்கைக் கொக்கி மாட்டி இழுத்துப்போனார்கள். ஹாலிஸ் அதை மறுபடி பார்க்கவில்லை.

ரெனிட்டா கிடங்குச் சட்டையோடு வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டாள். ஹாலிஸிடம் வந்து நின்று, "நீங்க எங்க அம்மாவைக் கொன்னிருப்பீங்க, மிஸ்டர் கிராண்ட்பெரி" என்றாள். குரல் உயரவில்லை. பிறகு கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க. உங்களை மட்டும் இங்க விட்டுட்டா போவேன்" என்றாள். அவர் தன் வீட்டு வாசலில் இறங்கும்போது எர்லீன், "தூங்கிட்டேன் ஹாலிஸ்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஹாலிஸ் கார்சாவின் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்தார். ஹாலிஸ் யாரென்று சொல்லி, மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அந்தம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவருக்கு வேலை போயிடுச்சு. உங்க மன்னிப்பை நான் எந்த அலமாரியில வெக்கட்டும்? இனிமே கூப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டார். கோர்ட்டில் நீதிபதி அவருடைய உடல்நிலையைப் பார்த்து அபராதத்தோடு விட்டுவிட்டார். விடாமல் இருந்திருந்தால்கூட ஹாலிஸ் வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

விபத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே பக்கத்து நாற்காலி காலி. வியாழனும் காலி. கேட்டதற்கு மார்னி, மற்றவர்களைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது விதி என்றாள். ஆனால் அவர் தோளில் கையை வைத்தாள். எர்லீன் நிறுத்திவிட்டாள் என்று ஹாலிஸுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டார் தெரு முனைக்கு நடந்து போய்ப் பஸ்ஸுக்கு நின்றார். ஞாயிறுகளில் பஸ் எப்போதாவதுதான் வரும். நிறுத்தத்தில் பெஞ்சு இல்லை, ஒரு கம்பம்தான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கிய இடத்திலிருந்து எர்லீன் வீடு இரண்டு தெருதான், அதற்குள் நான்கு இடத்தில் நின்று நின்று போனார்.

ரெனிட்டா கதவைத் திறந்தாள். அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள், தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில். எர்லீன் முகம் உப்பியிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

"எதுல வந்தே?"

"பஸ்ல."

"பைத்தியக்காரா." பக்கத்தில் நாற்காலியைக் காட்டினாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "ஒரு வேடிக்கை சொல்லட்டா? கட்டில் வீட்டுக்கே வந்துச்சு. நர்ஸ் வீட்டுக்கே வர்றா. நேத்து டாக்டர் வந்தாரு, பாஸ்டர் வந்தாரு, மருந்தை ஒருத்தன் வாசல்ல கொண்டுவந்து குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போறான். தலைக்கு ஷாம்பு போட ஒருத்தி வர்றா ஹாலிஸ். பொழைக்கணும்னு நின்னப்ப ஒரு காரு வரல. சாகறேன்னு சொன்னதும் தெருவுல நிறுத்த இடமில்ல."

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. ரெனிட்டா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஆளு எப்படி இருக்காரு? சைக்கிள்காரரு."

"நல்லா இருக்காரு. வேலைக்குப் போறாரு" என்றார் ஹாலிஸ்.

எர்லீன் அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. "அந்த மீன் நல்லாயிருந்துச்சு இல்ல?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வெளிச்சம் போவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஹாலிஸ் எழுந்தார். போகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, அவள் தூங்குவதைப் பார்த்துச் சொல்லாமலே வந்தார்.

புதன்கிழமை ரெனிட்டா போன் செய்தாள். சனிக்கிழமை காலை அம்மாவின் உடலைத் தேவாலயத்தில் வைத்து, அங்கிருந்து ஊருக்கு வெளியே கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள். "உங்களைக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பறேன். எங்க சித்தி பையன் வருவான். ரெடியா இருங்க" என்றாள்.

சனிக்கிழமை டயாலிசிஸ் நாள். வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார், இடமில்லை என்றார்கள். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கார் வேண்டாமென்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தார். சனிக்கிழமை காலை கறுப்புக் கோட்டைப் போட்டு, டை கட்டி உட்கார்ந்தார். நேரம் போயிற்று. ரெனிட்டாவுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளை மறுபடி கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்து, அந்த ரத்துசெய்த காரை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"எங்க போகணும் ஐயா?"

"ஒரு இறுதிச் சடங்குக்கு."

"மருத்துவத்துக்கு மட்டும்தான் ஐயா அனுப்ப முடியும்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அந்தச் சித்தி பையன் கடைசியில் வந்தான். ஹாலிஸின் தெருவில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் அதே எண்ணில் ஒரு வீடு உண்டு. அங்கே போய் நெடுநேரம் கதவைத் தட்டியிருக்கிறான். அவர்கள் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லறைக்குப் போகலாமா என்று அவன் கேட்டான். அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது முகத்தில் தெரிந்தது. "வேண்டாம்பா, வீட்டுல விட்டுடு" என்றார் ஹாலிஸ். கிளம்பும் முன் அங்கிருந்த ஒரு பெண்மணி ஒரு தட்டில் உருளைக்கிழங்கும் கோழியும் வைத்து மூடிக் கொடுத்தாள். அதில் அவர் தின்னக்கூடியது எதுவுமில்லை. வாங்கிக்கொண்டார்.

ஞாயிறும் திங்களும் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறியது. நாற்காலியிலேயே உட்கார்ந்து மூச்சு விட்டார். செவ்வாய்க்கிழமை கார் நேரத்துக்கு வந்தது. வீங்கின காலைத் தூக்கி உள்ளே வைக்க ஓட்டுநர் உதவி செய்தான்.

எர்லீனின் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புதியவள், ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்னி ஹாலிஸின் எடையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையைச் சுற்றும்போது ஹாலிஸ் கேட்டார்.

"மார்னி, நிறுத்தணும்னா யார்கிட்டச் சொல்லணும்?"

அவள் கை நின்றது. "டாக்டர்கிட்ட. அப்புறம் சமூகப் பணியாளர் வந்து உங்ககூடப் பேசுவாங்க. மகனுக்கும் சொல்லணும்." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "வரச் சொல்லவா? இன்னைக்கேவா?"

ஹாலிஸ் யோசித்தார். பக்கத்து நாற்காலிப் பெண் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார். "சும்மா கேட்டு வெச்சுக்கிட்டேன்."

மார்னி எழுந்து ஊசியை எடுத்தாள்.